முகாம் மாறும்போது பாண்ட் குழுவுக்கு என்ன நேர்கிறது?

இலங்கை இராணுவத்தின் ஆளணியை 2024 அளவில் 135,000 ஆகவும், 2030 அளவில் 100,000 ஆகவும் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. ஆள் குறைந்தால் முகாம்கள் சுருங்கும், சில ஒன்றாகும், சில மூடப்படும். கிழக்கில் இந்தச் செய்தியை எல்லோரும் காணிக் கணக்கோடு சேர்த்தே வாசிக்கிறோம். அது சரியான வாசிப்புத்தான். ஆனால் ஒரு படைத்தளத்தில் பல வருடம் இருந்த பாண்ட் வாத்தியக் குழு அங்கிருந்து எழும்பும்போது நடப்பது வேறு வகையானது. லொறியில் ஏற்றி இறக்கினால் முடிந்துவிடும் வேலையாக அது வெளியே தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது இரண்டு மூன்று வருடத்துக்கு இழுபடும் வேலை. முகாமுக்கு வெளியே, பாடசாலை பாண்ட் வைத்திருக்கும் நம் ஊர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

## எதை ‘படை பாண்ட்’ என்கிறோம்

மூன்று வகையைப் பிரித்தறிய வேண்டும்.

1. முழு பாண்ட். மரக்குழல் வகை (புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், சாக்ஸபோன்), பித்தளை வகை (ட்ரம்பெட், ஹோர்ன், ட்ரம்போன், யூபோனியம், டியூபா), தாள வகை மூன்றும் சேர்ந்தது. வழமையாக 30 முதல் 50 பேர். நடந்தும் வாசிப்பார்கள், கதிரையில் இருந்து கச்சேரியும் செய்வார்கள்.
2. டிரம் அணி அல்லது பைப் பாண்ட். சைட் டிரம், பாஸ் டிரம், பியூகிள், புல்லாங்குழல் அல்லது பைப் (பைக்குழல்). அணிநடைக்கானது. சுரத்தாள் குறைவு, மனப்பாடம் அதிகம்.
3. மரபு வாத்திய அணி. இலங்கைப் படைகளில் ஹேவிசி (சிங்கள மரபு மேள) அணிகள் இந்த வகை. இவற்றின் பழக்கமும் பராமரிப்பும் தனி.

இடம் மாறும்போது அதிகம் அடிபடுவது முதல் வகை. இனி ‘பாண்ட்’ என்று வரும் இடமெல்லாம் அதையே குறிக்கும்.

பாண்ட் வாசிப்பவர் படைவீரரும்தான். பிரித்தானிய மரபில் வந்த படைகளில் போர்க்காலத்தில் அவர்களுக்குக் காயப்பட்டவரைத் தூக்கும் வேலை கொடுக்கப்பட்டது. சமாதான காலத்தில் காவல் மாற்றம், பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்பு, இறுதி மரியாதை, கொடியேற்றம் என்று நாட்காட்டி நிரம்பிவிடும். அணிநடை நிமிடத்துக்கு 116 முதல் 120 அடி. இந்த வேகத்தில் மூச்சைப் பிடித்து, வரிசை குலையாமல், தாளைப் பார்த்து வாசிப்பவரை உருவாக்க வருடங்கள் ஆகும். ஆகவேதான் பாண்ட் குழுவில் ஆளைப் பிடுங்கி ஆளை நடுவது மற்றப் பிரிவுகளைப் போல இலகுவில்லை.

## ஏன் அது ஓரிடத்தில் ஊன்றிப்போகிறது

பயிற்சி மண்டபம். முப்பத்தைந்து பேர் ஒன்றாக வாசிக்கும் சத்தம், சாதாரண வகுப்பறை உயரமுள்ள அறைக்குள் காதைக் கெடுக்கும். தொழில்சார் செவிப் பாதுகாப்புக் கணக்கில் 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணித்தியாலம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபலுக்கு ஏறினால் ஒரு மணித்தியாலம்தான். பித்தளை வரிசைக்கு முன்னால் இருக்கும் கிளாரினெட்காரர் இந்த அளவை இலகுவில் தாண்டுவார். உயர்ந்த கூரை, ஒன்றுக்கொன்று நேர் எதிராக இல்லாத சுவர்கள், தடித்த திரை, மரத்தளம் ஆகியவை சேர்ந்தால்தான் ஒருவர் வாசிப்பது மற்றவருக்குத் தெளிவாகக் கேட்கும், சத்தமும் தாங்கும். மாற்று முகாமில் வழமையாகக் கிடைப்பது வெறுமையான களஞ்சியம் அல்லது தகரக் கூரை போட்ட மண்டபம். மழை பெய்தால் அங்கே பயிற்சி நின்றுவிடும். மழை இல்லாத நாளில் எதிரொலி எல்லாப் பிழைகளையும் மூடிவிடும். இரண்டாவது கேடு முதலாவதைவிடப் பெரியது. ஆறு மாதம் பிழையோடு பழகிய பிறகுதான் வெளி மைதானத்தில் அது கேட்கும்.

தாள் நூலகம். இதை வெளியே யாரும் கணக்கெடுப்பதில்லை. ஒரு அணிநடைப் பாட்டுக்கு நடத்துநர் தாளோடு 25 முதல் 40 தனித்தாள்கள் இருக்கும். கையில் பிடித்து நடக்க உதவும் சிறு அட்டைகள் ஏறத்தாழ ஏழு அங்குலத்துக்கு ஐந்து அங்குலம். கச்சேரித் தாள்கள் பெரியவை. ஐந்நூறு உருப்படி உள்ள நூலகம் என்றால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு தாளுக்குக் குறையாது. அதில் ஒரு பாட்டின் இரண்டாவது கிளாரினெட் தாள் மட்டும் தொலைந்தாலும் அந்தப் பாட்டு முடங்கும். பழைய தாள்களில் அந்தக் குழுவுக்கென்றே பழைய பாண்ட்மாஸ்டர்கள் கையால் எழுதிய திருத்தங்கள் இருக்கும். அவற்றைக் கடையில் வாங்க முடியாது.

ஆட்களின் குடும்பம். பிள்ளையின் பாடசாலை, மனைவியின் வேலை, கட்டி முடியாத வீடு. ஓய்வூதியத்துக்குக் கிட்ட நிற்கும் மூத்த வாத்தியக்காரர் இடமாற்றக் கடிதத்தோடு சேர்த்தே விலகல் கடிதத்தையும் எழுதுவார். ஹோர்னிலும் ஓபோவிலும் ஆளுக்கு ஆள் மாற்று இருப்பதில்லை. மூன்று பேர் போனால் முப்பது பேரின் ஒலி சிதறும்.

## வேறு நாடுகளில் நடந்தது

இங்கிலாந்தில் இரண்டு இடமாற்றங்கள் கவனமாகப் பார்க்கத்தக்கவை.

முதலாவது, டீல் என்ற கடலோர நகரம். பிரித்தானியக் கடற்படையின் காலாட்படையான றோயல் மரீன்ஸ் படையின் இசைப் பாடசாலை 1950 முதல் அங்கே இருந்தது. 1989 செப்டம்பர் 22 அன்று அயர்லாந்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் அங்கே 11 பேர் கொல்லப்பட்டார்கள். பிறகு 1996 இல் பாடசாலை போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்துக்குப் போனது. அங்கே கொடுக்கப்பட்ட இடம் பழைய தடுப்புச் சிறைக் கட்டடம். சிறை என்றதும் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் தடித்த சுவரோடு வரிசையாக நிற்கும் தனியறைகள்தான் தனிப்பயிற்சிக்கு வேண்டியவை. சிறைக்கூடுகள் பயிற்சி அறைகளாயின. கட்டடத்தின் பழைய பெயரைப் பார்க்காமல் அதன் சுவரைப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். டீல் நகரத்தில் கொல்லப்பட்டவர்களின் நினைவாக ஒரு இசைமேடை நிற்கிறது. பாண்ட் அங்கே திரும்பி வந்து நினைவுக் கச்சேரி செய்கிறது.

இரண்டாவது, லண்டனின் மேற்கே துவிக்கன்ஹாமில் உள்ள நெல்லர் ஹோல். பிரித்தானிய இராணுவத்தின் இசைப் பாடசாலை 1857 இல் அங்கே தொடங்கியது. கட்டடத்தை விற்பதாக 2016 இல் அறிவித்தார்கள். 2021 இல் பாடசாலை போர்ட்ஸ்மத்துக்கு மாறியது. நூற்றறுபது வருடத்துக்கு மேல் ஓரிடத்தில் இருந்த நிறுவனம் அது. ஊர் மக்கள் புல்வெளியில் இருந்து கேட்ட கோடைகாலக் கச்சேரிகளும், அங்கிருந்த இராணுவ இசை அருங்காட்சியகமும் அந்த வளாகத்தோடேயே முடிந்தன. பயிற்சி தொடர்ந்தது, ஊரோடு இருந்த தொடர்பு தொடரவில்லை. திட்டத்தில் முதலாவதுக்கு ஒரு வரி இருந்ததும் இரண்டாவதுக்கு இல்லாததும்தான் காரணம் என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

## காணி வேறு, பாண்ட் வேறு

கிழக்கில் இதைப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லியே ஆகவேண்டும். தனியார் காணியிலோ பாடசாலை வளவிலோ முகாம் இருந்தால் அது திரும்பிவர வேண்டும். பாண்ட் குழு இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பழக்குகிறது என்பது காணியை வைத்திருப்பதற்கு ஒரு காரணமே ஆகாது. முகாமின் பக்கத்தில் காலையில் கேட்கும் டிரம் சத்தம் நம்மில் பலருக்கு இசையாகக் கேட்டதில்லை. சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும்தான் அதோடு நினைவுக்கு வரும். அந்த நினைவை யாரும் மறக்கச் சொல்ல முடியாது.

அதேநேரம், பாடசாலையின் மேலைத்தேய வாத்தியக் குழுவுக்குப் படை பாண்ட்காரர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் வந்து பழக்கிவிட்டுப் போவது இந்த நாட்டில் சாதாரணம். அந்தக் கையை நம்பியே சில பாடசாலைகளில் குழு நிற்கிறது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக் குழப்பாமல், காணியை அதற்குரிய வழியில் கேட்போம், பிள்ளைகளின் பழக்கத்தை நாமே பொறுப்பேற்க ஆயத்தமாவோம்.

## ஏற்றி இறக்கும்போது உடைவது எது

மட்டக்களப்பிலிருந்து மலைநாட்டுக்குப் போகும் பாண்ட் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். செங்கலடியில் தொடங்கி மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறும் ஏ-5 வீதி. பாடசாலைகள் மாகாணப் போட்டிக்குப் போகும்போதும் இதே விதிகள் பொருந்தும்.

1. காலம். ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை வாடை மழை. அப்போது ஏற்றவே கூடாது. மே முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்று வேறு வகையில் கெடுதி. வெக்கையோடு காய்ந்த காற்று, மரக் கிளாரினெட்டை வெடிக்க வைக்கும். பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் நல்ல இடைவெளி.

2. வாய்ப்பகுதி. பித்தளை வாத்தியத்தின் வாய்ப்பகுதியைக் கழற்றித் தனி உறையில் போட வேண்டும். பூட்டியபடி போனால் அதிர்வில் இறுகிச் சிக்கும். சிக்கினால் அதற்கென்று உள்ள இழுகருவியால் மட்டும் எடுக்கலாம். குறடு போட்டுத் திருகினால் முன்குழாயே முறுக்கிக் கிழியும். கழற்றியதைப் பெட்டிக்குள் சும்மா போட்டாலும் குழாயில் மோதிப் பள்ளம் விழும்.

3. வால்வும் இழுகுழாயும். பிஸ்டனைத் துடைத்து எண்ணெய் விட்டு, நீரை முழுதாக வடித்து மூட வேண்டும். உமிழ்நீர் உள்ளே காய்ந்தால் ஒரு வாரத்தில் பிஸ்டன் இறுகிவிடும். ட்ரம்போனின் இழுகுழாயைப் பூட்டாமல் தூக்கவே கூடாது. மெல்லிய பள்ளம் விழுந்தாலும் ஓட்டம் போய்விடும், அதை எடுக்கும் திருத்துநர் இந்தப் பக்கம் அரிது.

4. மரக்குழல். இறக்கியதும் திறக்கக் கூடாது. பெட்டியோடு ஒரு நாள் அறைக்குள் வைத்துப் புதிய காற்றுக்குப் பழக விட வேண்டும். முதல் வாரம் நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது. காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 வீதத்துக்குள் இருப்பது நல்லது. மட்டக்களப்பில் அது வெகுவாகக் கூடித்தான் இருக்கும். அந்த ஈரத்துக்கு ஊறிப் பழகிய மரம் திடீரென்று காய்ந்தால்தான் வெடிப்பு.

5. டிம்பனி (கிண்ண வடிவப் பெரிய மேளம்). வளையத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. சட்டத்தைப் பிடித்தே தூக்க வேண்டும். வளையம் வளைந்தால் தோல் சுற்றிவரச் சமமாக இழுபடாது, பிறகு சுருதி நிற்காது. மேலே வட்டப் பலகை மூடி, அதன்மேல் ஒன்றும் அடுக்காமல் ஏற்ற வேண்டும்.

6. லொறி. பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதியில்தான் குலுக்கம் அதிகம். அங்கே கதிரையும் தாள்தாங்கியும் போகலாம். வாத்தியம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மூடிய லொறியை நடுப்பகல் வெயிலில் நிறுத்தினால் உள்ளே வெப்பம் ஏறி, சாக்ஸபோனிலும் கிளாரினெட்டிலும் துளைகளை மூடும் பட்டைகளை ஒட்டிய பசை இளகும். பட்டை சற்று நகர்ந்தாலே காற்றுக் கசியும். ஆகவே விடியமுன் புறப்பட வேண்டும்.

7. தாள். பெட்டியில் போடுமுன் ஒவ்வொரு உருப்படியையும் எண்ணி, உறைமேல் தாள் எண்ணிக்கையை எழுதி, இரண்டு பேர் கையொப்பமிட வேண்டும். கறையானும் இராமபாணப் பூச்சியும் பிடித்த உறைகளைத் தனியாக்க வேண்டும். ஒன்று போதும், புதிய அலுமாரி முழுவதும் பரவ. நனையாமல் இருக்கப் பொலித்தீன் சுற்றலாம். இறக்கியதும் அன்றைக்கே அதைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

கல்லடி போலக் கடலோரத்தில் பல வருடம் இருந்த பித்தளை வாத்தியங்களுக்கு இன்னொரு சோதனையும் தேவை. உப்புக் காற்றும் உமிழ்நீரும் சேர்ந்து பித்தளையிலுள்ள நாகம் (துத்தநாகம்) என்ற உலோகத்தை அரித்துவிடும். வெளியே சிவந்த சிறு புள்ளிகள், நடுவில் கறுத்த ஊசிமுனை போல ஒரு பொட்டு. அது பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே வந்த அரிப்பு. மினுக்கினால் மறையும், ஆனால் குழாய் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இடமாற்றத்துக்கு முன் இதைப் பதிவு செய்யாவிட்டால், பிறகு வழியில் சேதமானதா முன்பே இருந்ததா என்று தீராத வழக்காகும்.

## மேட்டு நிலத்தில் சுருதி இறங்கும்

இடம் மாறிய பாண்ட் முதல் மாதம் ஏன் கரகரப்பாகக் கேட்கிறது என்பதற்குப் பௌதிகக் காரணம் உண்டு. குழல் வாத்தியத்தின் சுருதி உள்ளிருக்கும் காற்றில் ஒலி ஓடும் வேகத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் அந்த வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் மாறும். சுருதிக் கணக்கில் அது 3 செண்ட். அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு இடையே 100 செண்ட். கரையில் 30 பாகை வெப்பத்தில் சுருதி சேர்த்த குழு மலைநாட்டின் 20 பாகைக் குளிரில் வாசித்தால் 30 செண்ட் அளவுக்கு இறங்கும். காது பழகாதவருக்கும் தெரியும் அளவு அது.

இதைக் குழாயை உள்ளே தள்ளிச் சரிசெய்யலாம். ட்ரம்பெட்டின் குழாய் நீளம் 1.4 மீற்றருக்குக் கிட்ட. அதில் 1.7 வீதம் குறைக்க வேண்டும், அதாவது 2.4 சென்ரிமீற்றர். சுருதிக் குழாய்க்கு இரண்டு கால் உள்ளதால் 1.2 சென்ரிமீற்றர் தள்ளினால் போதும். ஐந்தரை மீற்றர் நீள டியூபாவுக்கோ 4.5 சென்ரிமீற்றருக்கு மேல் தள்ள வேண்டும். ஏற்கனவே முழுதாக உள்ளே இருந்தால் தள்ள இடமே இருக்காது. வாசிப்பவரின் மூச்சு குழாயைச் சூடாக்குவதால் உண்மையான வித்தியாசம் இதைவிடக் குறையும். ஆனால் எல்லா வாத்தியத்திலும் ஒரே அளவாகக் குறையாது. கிளாரினெட் மூச்சில் விரைவாகச் சூடேறும், டியூபா கடைசியில்தான். ஆகவே குழு முழுவதும் ஒன்றாக இறங்காமல் ஒருவரோடு ஒருவர் விலகிப்போகிறார்கள். உலோகக் கட்டைகள் கொண்ட குளொக்கன்ஸ்பீல் ஏறத்தாழ மாறாமல், மாறினாலும் எதிர்த்திசையில் நிற்கும். மற்ற எல்லோரும் அதற்குக் கீழே கேட்பார்கள்.

மருந்து எளிது: பத்து நிமிடம் சூடேற்றி வாசித்த பிறகே சுருதி சேர்ப்பது, கிளாரினெட்காரருக்கு ஓரிரு மில்லிமீற்றர் குட்டையான கழுத்துக் குழாய் ஒன்று மேலதிகமாகக் கொடுப்பது. பாண்ட்மாஸ்டர் முதல் ஆறு வாரம் பொது நிகழ்ச்சி ஏற்காமல் இருந்தால் போதும். மேலிடம் அந்த ஆறு வாரத்தைக் கொடுப்பதுதான் அரிது.

## பாடசாலைகள் இப்போதே செய்ய வேண்டியது

முகாம் போகும் என்ற கடிதம் பாடசாலைக்கு வராது. பயிற்றுநர் ஒரு நாள் வரமாட்டார், அவ்வளவுதான். பெப்ரவரி 4 நிகழ்ச்சியும் இல்ல விளையாட்டுப் போட்டியும் முதலாம் தவணையில் அடுத்தடுத்து வருவதால், அந்த வெற்றிடம் ஜனவரியில்தான் கண்ணில் படும். அப்போது காலம் கடந்துவிடும்.

1. பயிற்றுநரிடமிருந்து குழு வாசிக்கும் எல்லா உருப்படிகளின் தாளையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாடசாலைகளில் எல்லாம் பிள்ளைகளின் மனப்பாடத்தில்தான் இருக்கிறது. உயர்தரம் முடிந்து ஒரு தொகுதி வெளியேறினால் பாட்டும் வெளியேறும். வாங்கிய தாள் இரவல் தாளானால் பிரதி எடுக்க முன் அனுமதி கேளுங்கள்.

2. தரம் 9, 10 இல் நான்கு பிள்ளைகளைப் பராமரிப்புக்குப் பழக்குங்கள். வால்வு கழுவுவது, பட்டை மாற்றுவது, டிரம் தோல் மாற்றுவது. தோலை இறுக்கும்போது அடுத்தடுத்த ஆணியைத் திருகக் கூடாது. நேரெதிர் ஆணிகளைச் சோடி சோடியாக, ஒரு தடவைக்குக் கால் சுற்று. ஒரு பக்கமாக இறுக்கிய தோல் அந்த ஆணியருகே கிழியும்.

3. தோல் வாங்கும்போது அளவை டிரம்மின் உடல் விளிம்பிலிருந்து விளிம்புக்கு எடுங்கள். வெளி வளையத்தை அளந்தால் ஒரு அளவு பெரிதாக வரும். சைட் டிரம்முக்கு 14 அங்குலம் வழமை. கொழும்பிலிருந்து ஒரு தடவை எடுப்பிக்கும் செலவு பெரிதென்பதால், சுற்றியுள்ள மூன்று நான்கு பாடசாலைகள் சேர்ந்து எடுப்பது நல்லது.

4. போகிற முகாம் பழைய வாத்தியங்களைத் தருவதாகச் சொன்னால் சந்தோசம், ஆனால் கைமாற்றாக வாங்காதீர்கள். அது அரச சொத்து. இருப்புப் பட்டியலிலிருந்து முறைப்படி கழிக்கப்பட்ட கடிதமும், பாடசாலையின் பொருட்பதிவேட்டில் பதிவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கணக்காய்வில் அதிபர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். வாங்குமுன் மேலே சொன்ன சிவப்புப் புள்ளிகளைத் தேடுங்கள்.

5. அடுத்த பயிற்றுநரை ஊருக்குள் தேடுங்கள். ஐந்துகோட்டுச் சுரக்குறி வாசிக்கத் தெரிந்தவர் தேவாலயப் பாடகர் குழுக்களில் இருக்கிறார்கள். மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தில் வயலினும் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசையும் வீட்டுக்குள் வளர்ந்த கலை. ஓய்வுபெற்ற பொலிஸ், படை வாத்தியக்காரர் சொந்த ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். பித்தளை பழக்க ஒருவர், தாளம் பழக்க ஒருவர் என்று பிரித்தால் ஆள் கிடைப்பது இலகு. கொடுப்பனவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் வருடத் தொடக்கத்திலேயே தீர்மானமாக எழுதிக்கொள்ள வேண்டும். ‘போட்டி முடியப் பார்ப்போம்’ என்ற பேச்சில் நல்ல பயிற்றுநர்கள் நிற்பதில்லை.

6. பழைய பயிற்றுநர் புறப்படுமுன் புதியவரோடு குறைந்தது ஒரு தவணை சேர்ந்து பழக்கட்டும். எந்தப் பிள்ளையின் பல் வரிசைக்கு ட்ரம்பெட் சரிவராது, யாருக்கு யூபோனியம் பொருந்தும், எந்த சைட் டிரம்மின் கொக்கி கழன்று கழன்று விழும் என்பதெல்லாம் எந்தப் பட்டியலிலும் எழுதப்படுவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கைமாறும்.